சரக்குக்குக் கிரிப்டோவில் பணம் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிட்காயின் போன்ற, இணையத்தில் மட்டும் புழங்கும் கிரிப்டோ நாணயங்களின் விலை ஏறினாலும் இறங்கினாலும் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் அது செய்தியாகிவிடுகிறது. பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்னவர்களிடம் சேமிப்பைக் கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்தில் நிற்பவர்களைப் பற்றியும் அவ்வப்போது படிக்கிறோம். ஆனால் அந்த நாணயத்தை முதலீடாக வாங்காமல், தான் விற்ற சரக்குக்கு விலையாகப் பெற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கும் சிறு வியாபாரிக்கு வழிகாட்டும் எழுத்து தமிழில் மிகக் குறைவு. காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சிறு தொழில் செய்வோருக்குக் கணக்கு எழுதி வரிப் படிவங்களைத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். என் மேசைக்கு இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை, மணகோலம், சீப்புச் சீடை என்று இப்பகுதியின் சரக்குகள் இன்று வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பேசி முடிக்கப்பட்டு மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. ஆத்தங்குடியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், கண்ணாடித் தகட்டின் மேல் வைத்த அச்சுக்குள் பணியாளர் சாயச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருக்க, அருகில் நின்றபடியே தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வெளிநாட்டு வாடிக்கையாளர், “யூஎஸ்டிடி அனுப்புகிறேன், டிரானா, எத்தீரியமா?” என்று கேட்டிருந்தார். டிரானும் எத்தீரியமும் கிரிப்டோ பயணிக்கும் இரு வேறு வலையமைப்புகள். “இதுவும் டாலர்தானே சார், வாங்கிப் போட்டா என்ன?” என்பது பட்டறைக்காரரின் கேள்வி.

அது டாலர் அன்று. யூஎஸ்டிடி என்பது டெதர் என்ற தனியார் நிறுவனம் வெளியிடும் டோக்கன், அதாவது கிரிப்டோ நாணயத்தில் ஒரு வகை. ஒரு டோக்கனுக்கு ஒரு டாலர் மதிப்பு நிலைத்திருக்கும் என்பது அந்நிறுவனம் தரும் வாக்குறுதி. அமெரிக்க அரசுக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. இத்தகைய வாக்குறுதியோடு வந்த டெர்ரா என்ற வலையமைப்பின் டோக்கன் 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் மதிப்பிழந்து போயிற்று. நல்ல பெயர் பெற்றிருந்த யூஎஸ்டிசி என்ற மற்றொரு டாலர் டோக்கன் கூட, அதன் இருப்பில் ஒரு பகுதி கிடந்த சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் மூடப்பட்டபோது 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கி, பின்னரே மீண்டது. இவற்றைச் சொல்வதால் யூஎஸ்டிடி நாளையே கவிழ்ந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. டாலரை வாங்குவதாக நினைத்துக்கொண்டு வேறொன்றை வாங்கக்கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

கடல் கடந்து பணம் வருவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ரங்கூனிலும் பினாங்கிலும் கிட்டங்கி என்னும் வணிகக் கூடம் வைத்து, உண்டியல் என்னும் பணக்கொடுப்புச் சீட்டை எழுதியே பெருந்தொகைகளைப் புரட்டிய நகரத்தாரின் ஊர்கள் இவை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கப்பட்டபோது சென்னை, ரங்கூன் ஆகியவற்றோடு காரைக்குடியிலும் அதே நாளில் திறக்கப்பட்டது. உண்டியலில் எழுதியவர் பெயரும் அதைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டிய கடையின் பெயரும் இருந்தன. பணம் வராவிட்டால் யார் வாசலில் போய் நிற்பது என்பது தெரிந்திருந்தது. கிரிப்டோவில் அனுப்பியவர் யார் என்பது முகவரி எனப்படும் ஒரு நீண்ட எழுத்துச் சரத்துக்குள் மறைந்திருக்கிறது. தவறு நேர்ந்தால் முறையிட இடம் கிடையாது. ஒருமுறை பதிவான பரிவர்த்தனையை அனுப்பியவராலும் திருப்ப முடியாது, பெற்றவராலும் திருப்ப முடியாது, இடையில் வங்கி மேலாளர் என்று எவரும் இல்லை. இதில் விற்பவருக்கு ஓர் அனுகூலம் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டு, சரக்கு கைக்கு வந்தபின் வங்கியிடம் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் தந்திரம் இங்கே செல்லாது. அந்த அனுகூலத்துக்காகவே இதை விரும்பும் ஏற்றுமதியாளர்களும் இருக்கிறார்கள்.

பணம் வந்துவிட்டதா என்பதை எப்படி உறுதி செய்வது என்பதில்தான் பெரும்பாலானோர் முதலில் இடறுகிறார்கள். பச்சை நிறத்தில் சரிக்குறி போட்ட ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சான்றாகாது. அதைத் தயாரிக்க ஐந்து நிமிடம் போதும். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குப் பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி (பிளாக்) பதிவாகிறது. ஒரு பரிவர்த்தனை தொகுதிக்குள் ஏறும்வரை, அனுப்பியவர் கூடுதல் கட்டணம் கொடுத்து அதே தொகையை வேறு முகவரிக்குத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே பெரிய தொகைக்கு ஆறு உறுதிப்பாடுகள் (அதன் தொகுதியையும் சேர்த்து ஆறு தொகுதிகள் பதிவாவது), அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், காத்திருப்பது நெடுநாளைய வழக்கம். லாரியில் டைல்ஸ் ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் பொறுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. வந்திருப்பது உண்மையான டோக்கன்தானா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் யூஎஸ்டிடி என்ற அதே பெயரில் போலி டோக்கனை எவர் வேண்டுமானாலும் உருவாக்கி அனுப்பலாம், வாலட்டின் (கிரிப்டோவைக் கையாளும் செயலியின்) திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வெளியிடும் நிறுவனம் தன் தளத்தில் அறிவித்திருக்கும், அந்த டோக்கனை அடையாளம் காட்டும் ஒப்பந்த முகவரியோடு ஒப்பிட்டால்தான் வேறுபாடு புலப்படும். எந்த வலையமைப்பில் வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். டிரான் முகவரி ஆங்கில T எழுத்தில் தொடங்கும். எத்தீரிய முகவரி சுழியத்தில் தொடங்கி அடுத்து எக்ஸ் என்ற எழுத்தோடு வரும். ஒன்றுக்கு அனுப்ப வேண்டியதை மற்றொன்றின் வழியாக அனுப்பினால் பணம் நடுவழியில் நின்றுபோகலாம்.

முகவரியை மாற்றிவிடும் மோசடி இன்னும் நுட்பமானது. நாம் நகலெடுத்த முகவரியை, ஒட்டும் கணத்தில் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. நம் முகவரியைப் போலவே முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் அமைந்த முகவரியை உருவாக்கி, அதிலிருந்து வெறும் சுழிய மதிப்பில் ஒரு பரிவர்த்தனையை அனுப்பி, நம் வரலாற்றுப் பட்டியலில் அதைக் குந்தவைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை அவசரத்தில் பட்டியலிலிருந்து முகவரியை எடுப்பவர் தலையையும் வாலையும் மட்டும் பார்த்துவிட்டு அதையே நகலெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறார். நடு எழுத்துகளையும் சேர்த்துப் படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. கடையில் அச்சிட்டு ஒட்டிய கியூஆர் கோட்டின் மேல் வேறு கோட்டை ஒட்டிச் செல்லும் பழைய வேலை யூபிஐயில் நடந்ததுபோல் இதிலும் நடக்கும்.

வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள் 12 அல்லது 24 ஆக இருக்கும். அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் தமக்குத் தாமே அனுப்பிவைத்திருந்த ஒருவரைக் கண்டு நான் பதறிப்போனேன். அந்தச் சொற்களைப் பார்த்தவர் எவரும் எந்த ஓடிபியும் இல்லாமல் முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். தாளில் எழுதி வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பதே இதில் நவீனப் பாதுகாப்பு. இருக்கும் இடம் குடும்பத்தில் நம்பிக்கையான இன்னொருவருக்குத் தெரிந்திருப்பதும் அவசியம், இல்லையேல் உடையவரோடு பணமும் போய்விடும். சொந்த இணையதளம் வைத்து விற்பவர்கள், தளம் இயங்கும் சர்வரில் பணத்தைச் செலவிடும் சாவியை ஒருபோதும் வைக்கக்கூடாது. பணம் பெறுவதற்கு மட்டும் உதவும் பொதுச்சாவியை அங்கே வைத்தால், ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிய முகவரியை அது உருவாக்கித் தரும், வரவைச் சரிபார்க்கும், ஆனால் ஒரு காசையும் வெளியே அனுப்ப அதனால் முடியாது. பிடிசிபே சர்வர் போன்ற திறமூல மென்பொருள்கள் இந்த முறையில் இயங்குவதற்கு வசதி தருகின்றன. இந்தத் தொழில்நுட்பம் புரியவில்லை என்பவர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோவை வாங்கி விற்க இடம் தரும் நிறுவனத்தில், கணக்குத் தொடங்கி அதிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் தொல்லை இல்லையே என்று கேட்பார்கள். சாவி அப்போது நம்மிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டபின், அதன் வாடிக்கையாளர்கள் தங்கள் கிரிப்டோ இருப்பைத் தொட முடியாமல் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். அந்த வழக்குகளில் ஒன்றில்தான் கிரிப்டோ நாணயம் சொத்து என்ற வகையில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. விற்ற சரக்கின் பணம் எக்ஸ்சேஞ்சில் தேவைக்கு மேல் ஒரு நாளும் தங்கக்கூடாது.

இதுவரை சொன்னவை எல்லாம் பழகினால் கைவரக் கூடியவை. என் அனுபவத்தில் இப்பகுதி வியாபாரிகளுக்கு உண்மையான ஆபத்து நாணயம் வந்து சேர்ந்த பிறகுதான், அதை ரூபாயாக்கிக் கணக்கில் ஏற்றும் இடத்தில்தான், தொடங்குகிறது.

கிரிப்டோ இந்தியாவில் தடை செய்யப்பட்டதுமில்லை, சட்டப்படி செல்லும் பணமாக ஏற்கப்பட்டதுமில்லை. வங்கிகள் இத்துறைக்குச் சேவை அளிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விடுத்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. 2022 நிதிச் சட்டம் இதனை மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று வகைப்படுத்தி, விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரியையும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் பரிமாற்றத்தின்போது 1 சதவீத டிடிஎஸ் என்னும் முன்கூட்டிய வரிப் பிடித்தத்தையும் கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்வது கட்டாயமாயிற்று.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு லட்சம் ரூபாய்க்கான டைல்ஸுக்கு ஒருவர் பிட்காயினில் பணம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய மதிப்பில் ஒரு லட்சமும் அவருடைய வியாபார வரவாகக் கணக்கில் ஏறிவிடும். விற்கும்போது அது 1,30,000 ஆகியிருந்தால், கூடிய 30,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய் வரியும் அதன் மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் கட்ட வேண்டும். 80,000 ஆகக் குறைந்திருந்தால் அந்த 20,000 ரூபாய் நட்டத்தை வியாபார லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. கையில் வந்தது எண்பதாயிரம், கணக்கு கேட்பது ஒரு லட்சத்துக்கு. உள்நாட்டு வாடிக்கையாளரிடமிருந்து பெற்றால், சரக்கைக் கொடுத்து நாணயத்தை வாங்குபவர் என்ற முறையில் ஆண்டு வரம்பைத் தாண்டியதும் 1 சதவீத டிடிஎஸ் கட்டப்பட்டிருப்பதை உறுதி செய்யும் கடமையும் விற்பவர் தலையில் விழுகிறது. சிறிய அளவில் தொழில் செய்யும் தனிநபர்களுக்கு அந்த வரம்பு 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 10,000 ரூபாய். யூபிஐ இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், உள்ளூரிலிருந்து ஒருவர் கிரிப்டோவில்தான் கொடுப்பேன் என்று நின்றால், ஏன் என்று கேட்கும் உரிமை வியாபாரிக்கு உண்டு.

ஏற்றுமதியில் சிக்கல் இதைவிடப் பெரிது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, ஏற்றுமதி செய்த சரக்கின் விலை அங்கீகாரம் பெற்ற வங்கியின் வழியாக, குறித்த காலத்துக்குள் வந்து சேர வேண்டும். வங்கியின் வரவுப் பதிவை வைத்து உருவாகும் சான்றிதழ்தான் அந்த ஏற்றுமதி முடிந்ததற்குச் சாட்சி. வாலட்டில் வந்த யூஎஸ்டிடிக்கு எந்த வங்கியும் அந்தப் பதிவைத் தராது. சரக்கு போய்ச் சேர்ந்து, விலையும் கைக்கு வந்து, வாடிக்கையாளரும் மகிழ்ந்திருக்க, அரசின் பதிவேட்டில் மட்டும் பணம் வராத ஏற்றுமதியாக அது நிற்கும். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்து மூலப்பொருள்களுக்குக் கட்டிய உள்ளீட்டு ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற்றவர், அதனை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரலாம். பட்டறைக்காரருக்கு நான் கொடுத்த பதில் இதுதான். டிரானா, எத்தீரியமா என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

சரக்கைப் பார்சலில் அனுப்பிவிட்டு, வந்த நாணயத்தைத் தனிநபர் ஒருவருக்கு விற்று ரூபாயாக்கிக்கொள்வதே நடைமுறையில் பலரும் செய்வது. எனக்குத் தெரிந்த பலகார வியாபாரி ஒருவர் அப்படித்தான் செய்தார். முகம் தெரியாத ஒருவர் அவருடைய வங்கிக் கணக்கில் ரூபாயைப் போட்டார், இவர் யூஎஸ்டிடியை அனுப்பினார், எல்லாம் சுமுகமாக முடிந்ததாகவே தோன்றியது. சில வாரங்கள் கழித்து, வட மாநிலம் ஒன்றில் இணைய மோசடியில் ஏமாந்தவர் கொடுத்த புகாரின்பேரில் இவருடைய கணக்கு முடக்கப்பட்டது. ஏமாந்தவரின் பணம் நான்கைந்து கணக்குகளில் கைமாறி, அந்த முகம் தெரியாதவர் மூலம் இவரிடம் வந்து சேர்ந்திருந்தது. தீபாவளி ஆர்டருக்கு எண்ணெயும் மாவும் வாங்கிய மளிகைக் கடைக்குக் காசோலை போட முடியாமல், மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்கு ரசீதுகளை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டு அவர் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவரிடம் ரசீது இருந்தது, யூஎஸ்டிடி வந்த பதிவு இருந்தது, ஆனால் தமக்கு ரூபாய் கொடுத்தவரின் அடையாளச் சான்று ஒன்றும் இல்லை. பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சில் விற்று அங்கிருந்து நேரே வங்கிக்கு மாற்றியிருந்தால் வரி கூடுதலாகத் தெரிந்திருக்கும், இந்த அலைச்சல் பெரும்பாலும் இருந்திருக்காது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களுக்கும் ஒரு சொல். கிரிப்டோவில் உடனே பணம், ரசீது வேண்டாம், பார்சலில் வேறு பெயர் எழுதி அனுப்புங்கள் என்று எவரேனும் கேட்டால், அவர் கண் விலையில் இல்லை. நூறு ஆண்டுகளைக் கடந்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புவது 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தில் சரக்கை அனுப்பியவர் பெயர்தான் தாளில் இருக்கும்.

கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று வரும் வேண்டுகோளையும் அப்படியே ஏற்கக்கூடாது. வந்த தொகை உறுதிப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கேட்பவர் உண்மையில் ஆர்டர் கொடுத்தவர்தானா என்று தொலைபேசியில் பேசித் தெரிந்துகொண்டு, அவர் வாங்கியபோது எழுத்தில் கொடுத்த முகவரிக்கே அனுப்ப வேண்டும். அனுப்பியவர் எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால், வந்த முகவரிக்கே திருப்பினால் அது அவருக்குப் போய்ச் சேராமலும் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளர்கள் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாலாயிரம் ரூபாய் பலகாரத்துக்கு வங்கி வழியாகப் பணம் அனுப்பினால், இரு பக்கத்துக் கட்டணமும் செலாவணி மாற்று வித்தியாசமும் சேர்ந்து கணிசமான பகுதியை விழுங்கிவிடுகின்றன. வந்த பணத்துக்கு, அது எதற்காக வந்தது என்பதைக் காட்டும் நோக்கக் குறியீடு என்ன, இன்வாய்ஸ் எங்கே என்று கேட்டு வங்கிக் கிளையில் பாதி நாள் உட்காரவைக்கிறார்கள். கேட்பது விதி என்றாலும், முன்கூட்டியே என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. எல்லை கடந்த இணையவழிப் பணப்பட்டுவாடாவைக் கையாளும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதிகளை வகுத்தது. அவற்றின் வழியாகச் சிறு ஏற்றுமதியாளர் வெளிநாட்டுக் கார்டிலும் கணக்கிலும் பணம் பெற்று, வங்கிச் சான்றையும் பெற முடியும். இந்த வழி இருப்பதே இங்குள்ள பலருக்குத் தெரியாது.

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத் தொழில் மையங்கள், வங்கிகளின் அந்நியச் செலாவணிப் பிரிவு அலுவலர்களை அழைத்து, ஆத்தங்குடியிலும் காரைக்குடியிலும் சிறு ஏற்றுமதியாளர்களுக்குத் தமிழில் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். வெளிநாட்டுப் பணம் பெறுவதற்கான கட்டணத்தையும் தேவையான ஆவணங்களையும் வங்கிக் கிளைகள் தமிழில் எழுதி மக்கள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். மோசடிப் புகாரில் முடக்கப்படும் கணக்கில், புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து எஞ்சியதை விடுவிக்கும் நடைமுறையை எல்லா வங்கிகளும் ஒரே சீராகப் பின்பற்ற வேண்டும். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு காலம் கடத்தாமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அன்றே அழைத்து, பரிவர்த்தனை எண், இரு தரப்பு முகவரிகள், உரையாடல் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வரிக் கணக்கு ஆலோசகர்,
காரைக்குடி.